குத்திக்காட்டுக்கு ஏற்ற கண்ணாடி

முதலில் ஒரு வேண்டுகோள். படகுத்துறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகள் எனக்கு வாட்ஸ்அப்பில் கூலிங் கிளாஸ் போட்டோ அனுப்புவதைத் தயவுசெய்து நிறுத்த வேண்டும். "அக்கா, இது நல்லதா? அக்கா, இது எனக்கு எப்படியிருக்கு?" என்று கேட்டால் நான் என்ன சொல்வேன்? எப்படியிருக்கு என்பதை உங்கள் வீட்டுக்காரியிடம் கேளுங்கள். நல்லதா என்பதைப் போட்டோ பார்த்துச் சொல்ல நான் ஜோசியக்காரி இல்லை. கண்ணாடியைக் கையில் வாங்கி, தண்ணீருக்கு நேரே பிடித்து, வெயிலில் நின்று முகத்தில் போட்டுப் பார்த்தால்தான் சொல்ல முடியும். அதை எப்படிப் பார்ப்பது என்பதையும், ஒரு கறுப்புக் கண்ணாடியால் அந்தோணி அண்ணன் வேலையும் உயிரும் போகப் பார்த்த கதையையும் இங்கே எழுதிவிடுகிறேன். ஒரு தடவை படித்துவிட்டு என்னை நிம்மதியாகச் சீரியல் பார்க்க விடுங்கள்.

என் பெயர் பேச்சியம்மாள். சூரியநெல்லிப் பக்கம் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள். கல்யாணத்துக்கு முன்பு கொழுந்து எடுத்தேன். அணையில் சுற்றுலாப் படகு விட்டபோது டிக்கெட் கொடுக்கும் வேலைக்குப் போனேன். டிக்கெட் கொடுத்த கையோடு கயிறு கட்டவும் கழி போடவும் பழகி, லஸ்கர் என்கிற படகு உதவியாளுக்கான பரீட்சை எழுதினேன். பிறகு படகு ஓட்டுகிற சிராங்கு லைசென்சும் வாங்கினேன். "பொம்பள ஓட்டுற போட்டுல எவன் ஏறுவான்" என்று துறையில் சிரித்தார்கள். சிரித்தவர்களில் இரண்டு பேர் பின்னால் என் படகிலேயே லஸ்கராக இருந்தார்கள். நல்ல பையன்கள்தான், சொன்னதைக் கேட்பார்கள்.

எங்கள் அணை எப்படிப்பட்டது என்று தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. மழைக்காலத்தில் அது அழகான ஏரி. கோடையில் தண்ணீர் இறங்க இறங்க அதன் சங்கதி வெளியே வரும். அணை கட்டியபோது காட்டை வெட்டியவர்கள் மரத்தைத்தான் கொண்டுபோனார்கள், அடிக்கட்டையை விட்டுவிட்டார்கள். மேற்குக் கையில் ஒரு காடே அப்படி முங்கிக் கிடக்கிறது. மலையாளத்தில் அடிக்கட்டைக்குக் குற்றி என்று பெயர். நாங்கள் அந்த இடத்தைக் குத்திக்காடு என்போம். மே மாதத்தில் அந்தக் கட்டைகளின் தலை தண்ணீருக்கு ஒரு சாண் கீழே நிற்கும். மேலே இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. மதியத்துக்கு மேல் சூரியன் மேற்கே சாய்ந்துவிட்டால் தண்ணீர் முழுக்க வெள்ளித் தகடு போல மின்னும். கண்ணைச் சுருக்கிக்கொண்டு, சாமியை வேண்டிக்கொண்டு ஓட்ட வேண்டியதுதான்.

அந்த மினுக்கத்துக்கு நாங்கள் கண்டுபிடித்திருந்த மருந்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். எஸ்டேட்டில் அடிக்கடி கண் முகாம் நடக்கும். வயசானவர்களை வேனில் ஏற்றித் தேனிக்குக் கொண்டுபோய்ப் புரை ஆபரேஷன் செய்து, பக்கவாட்டிலும் மறைக்கிற பெரிய கறுப்புக் கண்ணாடி ஒன்றைப் போட்டு அனுப்புவார்கள். கொஞ்ச நாள் போட்டுவிட்டு ஆணியில் மாட்டிவிடுவார்கள். எங்கள் லயத்தில் வீட்டுக்கு ஒன்றாவது தொங்கும். படகு ஓட்டுகிற ஆண்கள் எல்லாரும் அப்பன் கண்ணாடி, மாமனார் கண்ணாடி என்று அதைத்தான் போட்டுக்கொண்டு வந்தார்கள். சும்மா கிடைத்தது, நல்ல கறுப்பு, வேறென்ன வேண்டும்? நான் போட்டுக்கொண்டு லயத்துக்குள் நடந்தால் மட்டும் "ஏட்டி பேச்சி, எப்ப ஆபரேஷன் ஆச்சு?" என்று கேட்பார்கள். பொம்பளைக்கு ஆபரேஷன் ஆகியிருந்தால் ஒழியக் கூலிங் கிளாஸ் கிடையாது என்பது எங்கள் ஊர் சட்டம்.

அந்தோணி அண்ணன் எங்கள் துறையில் மூத்த சிராங்கு. கைராசிக்காரர். நின்றுபோன என்ஜின் அவர் தட்டினால் ஓடும். குத்திக்காட்டுக்குள் முழு வேகத்தில் போய்த் திரும்பி வருவார், ஒரு கட்டையில் உரசியதாகச் சரித்திரம் இல்லை. அவர் போட்டிருந்ததும் அவர் அப்பாவின் ஆபரேஷன் கண்ணாடிதான். கம்பி உடைந்த பக்கத்தில் அரைஞாண் கயிற்றைக் கட்டித் தலைக்குப் பின்னால் முடிந்திருப்பார். மற்றவர்கள் நிழலுக்கு வந்தால் கழற்றுவார்கள். அவர் டீக்கடைக்குள்ளும் கழற்ற மாட்டார். ஸ்டைல் பண்ணுகிறார் என்று நாங்கள் கேலி செய்வோம். அந்தக் கறுப்புக்குப் பின்னால் அவர் ஒன்றை மறைக்கிறார், அது வெளியே தெரிந்தால் வேலை போய்விடும் என்று ராத்திரி பகலாகப் பயப்படுகிறார் என்பது எங்களுக்குத் தெரியாது.

அப்போதுதான் மாதவன் சார் துறைக்குப் பொறுப்பாக வந்தார். கடற்படையில் இருந்து ஓய்வு பெற்றவர். எங்களோடு பேசுவது மலையாளத்தில் தோய்த்த தமிழ். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. ஒரு கேள்வி கேட்பார், பிறகு பதில் வரும்வரை நம் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். அந்த மௌனத்துக்குத் திட்டு எவ்வளவோ தேவலை. ஒவ்வொரு சவாரி முடிந்து துறைக்கு வரும்போதும் படகைக் கட்டுவதற்கு முன்னால் கேட்பார்: "பேச்சி, எந்து கண்டு?" என்ன பார்த்தாய் என்று அர்த்தம். முதல் நாள் நான் "யானை பாத்தேன் சார், அக்கரையில நாலு நின்னுச்சு" என்றேன். அவர் தலையை ஆட்டினார். "யானை டூரிஸ்டுக்கு. நீ வெள்ளத்தினுள்ளில் எந்து கண்டு?" தண்ணீருக்குள் ஒன்றும் பார்க்கவில்லை என்றேன். "பின்னெ எப்படி ஓட்டினே?" என்று கேட்டுவிட்டு நின்றுகொண்டே இருந்தார். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

அடுத்த வாரம் எர்ணாகுளத்தில் இருந்து ஒரு பெட்டி நிறையக் கண்ணாடி வரவழைத்தார். கடைக்காரன் எல்லாமே போலரைஸ்டு, தண்ணீரின் மினுக்கத்தை வெட்டும் என்று எழுதிக் கொடுத்திருந்தான். சார் அதை நம்பவில்லை. சாயங்கால வெயிலில் பெட்டியோடு துறைக்கு வந்து, ஒவ்வொன்றாக எடுத்துத் தண்ணீருக்கு நேரே கண்முன் பிடித்து, கடிகார முள் மாதிரி மெதுவாகத் திருப்பினார். நல்ல கண்ணாடி என்றால் நேராகப் பிடிக்கும்போது தண்ணீர் மேல் இருக்கும் வெள்ளி மறைந்துபோகும், பக்கவாட்டில் திருப்பினால் திரும்ப வந்துவிடும். எப்படித் திருப்பினாலும் ஒரே மாதிரி தெரிந்தால் அது வெறும் சாயம் பூசிய பிளாஸ்டிக். அப்படியே பாதி பெட்டியை ஒதுக்கினார். மிச்சத்தைக் கை நீட்டிப் பிடித்து, படகுக் கொட்டகையின் கூரை விளிம்பை அதன் வழியாகப் பார்த்து, கண்ணாடியை மேலும் கீழும் அசைத்தார். விளிம்பு வளைந்து நெளிந்தால் அதுவும் போச்சு. நாள் முழுக்க அதைப் போட்டவனுக்குத் தலைவலிதான் மிஞ்சும் என்றார்.

பிறகு எங்கள் முகம். கண்ணாடியை மாட்டிவிட்டு, "சிரி" என்பார். சிரித்தால் கன்னம் பிரேமைத் தூக்கக் கூடாது. டூரிஸ்ட்டோடு சிரிக்கிற ஒவ்வொரு தடவையும் கண்ணாடி எழும்பினால் அடியில் வெயில் புகுந்துவிடும். அடுத்து சூரியனுக்கு முதுகு காட்டி நிற்கச் சொல்வார். கண்ணாடியின் உள்பக்கத்தில் நம் கண்ணே நமக்குத் தெரிந்தால் பக்கவாட்டில் இடைவெளி அதிகம் என்று அர்த்தம், வேறு எடு. குனி, குதி, கழுத்தைத் திருப்பு. எங்கள் ஊரில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மூடுபனி இறங்கும் என்பதால் சாம்பல் நிறத்தைத் தள்ளிவிட்டுப் பழுப்பு நிறத்தை எடுத்தார். பழுப்பில்தான் பனிக்குள்ளும் கட்டையும் நிழலும் பிரிந்து தெரியும். பின்னால் ஒரு கயிறு, அந்தக் கயிற்றில் மிதக்கிற ரப்பர்த் துண்டு. துடைப்பதற்குச் சேலைத் தலைப்பைத் தொட்டால் அவ்வளவுதான். முதலில் நல்ல தண்ணீர் ஊற்றித் தூசியைக் கழுவ வேண்டும், அப்புறம்தான் துணி.

கடைசிப் பரீட்சை ஒன்று உண்டு. சார் எதிரே வந்து ஒரு முழத் தூரத்தில் நின்று நம் கண்ணாடிக்குள் பார்ப்பார். மங்கலாகவாவது நம் கண் அவருக்குத் தெரிய வேண்டும். எதிரே நிற்பவருக்குக் கண்ணே தெரியாத அளவுக்குக் கறுப்பாக இருந்தால் உள்ளே இருப்பவனுக்கும் ஒன்றும் தெரியாது என்பது அவர் கணக்கு. கறுப்பு கூடக் கூட நல்லது என்று நினைத்திருந்த எங்களுக்கு அது தலைகீழாக இருந்தது.

அந்தோணி அண்ணன் முறை வந்தபோது அவர் அப்பாவின் கண்ணாடியைக் கழற்றாமலே வந்து நின்றார். சார் எதிரே நின்று பார்த்தார். "அந்தோணி, நின்றெ கண்ணு காணுன்னில்லல்லோ." உன் கண் தெரியவில்லையே என்றார்.

"கண்ணு வலி சார்" என்றார் அண்ணன். "மெட்ராஸ் ஐ."

மெட்ராஸ் ஐ என்றதும் நாங்கள் எல்லாரும் ஒரு கூட்டமாகப் பின்னால் போனோம். கடற்படையில் எத்தனையோ பார்த்த மாதவன் சாரும் இரண்டடி பின்னால் போனார். புதுக் கண்ணாடியைத் தூரத்தில் இருந்தே நீட்டினார். அண்ணன் வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பரீட்சை முடிந்தது.

நான் புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு முதல் சவாரி போனேன். வெள்ளித் தகட்டை யாரோ உருவி எடுத்துவிட்டது மாதிரி தண்ணீர் பச்சையாகத் திறந்தது. உள்ளே கட்டை, கட்டைக்குப் பக்கத்தில் கட்டை, கிளைத்த கட்டை, சாய்ந்த கட்டை. இத்தனை நாள் இதற்கு மேலேயா ஓட்டினோம் என்று என்ஜினைக் குறைத்துவிட்டேன். திரும்பி வந்ததும் சார் கேட்பதற்கு முன்னால் நானே ஒப்பிக்கத் தொடங்கினேன். அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

அடுத்து வந்தது பாய்ப்படகு. வெளிநாட்டுக்காரர்கள் கேட்கிறார்கள் என்று மேல் ஆபீசில் இருந்து இரண்டு சின்னப் பாய்ப்படகுகளை அனுப்பினார்கள். என்ஜின் கிடையாது. ஒரு பாய்மரம், ஒரு பாய், அதை இழுத்துப் பிடிக்க ஒரு கயிறு, பின்னால் சுக்கான், படகு பக்கவாட்டில் நழுவாமல் இருக்க நடுவில் தண்ணீருக்குள் இறங்குகிற ஒரு பலகை. சார் எனக்கும் அந்தோணி அண்ணனுக்கும் ஓட்டச் சொல்லிக் கொடுத்தார். அங்கேதான் எனக்கு ஒரு சிக்கல் வந்தது. பாய்ப்படகுக்குத் தண்ணீரின் அடி மட்டும் தெரிந்தால் போதாது. எந்தப் பக்கம் இருந்து காற்று வருகிறது என்பதும் முன்கூட்டியே தெரிய வேண்டும். காற்று வருகிற இடத்தில் தண்ணீரின் மேல்பரப்பு சுருங்கி, மினுக்கம் மாறித் தெரியும். என் நல்ல கண்ணாடி அந்த மினுக்கத்தையே அழித்துவிட்டதே! போட்டால் கட்டை தெரிகிறது, காற்று தெரியவில்லை. கழற்றினால் காற்று தெரிகிறது, கட்டை தெரியவில்லை. சொல்லாமல் வந்த காற்று இரண்டு தடவை என்னைத் தண்ணீரில் தள்ளியது.

இரண்டாவது தடவை விழுந்து ஏறியபோது காதுக்குள் தண்ணீர் போயிருந்தது. அது வடியட்டும் என்று தலையைத் தோள் பக்கம் சாய்த்தேன். பச்சைத் தண்ணீர் மேல் மினுக்கம் திரும்ப வந்தது, தூரத்தில் ஒரு கறுப்புத் திட்டாகக் காற்று வருவதும் தெரிந்தது. தலையை நிமிர்த்தினேன், கட்டை தெரிந்தது. சாய்த்தேன், காற்று தெரிந்தது. சார் கண்ணாடியைக் கையில் திருப்பிப் பார்த்தாரே, அதே வித்தைதான், கழுத்தால் செய்ய வேண்டியது. அன்றிலிருந்து நான் சாய்த்து நிமிர்த்திச் சாய்த்து நிமிர்த்தித்தான் ஓட்டினேன். தீனி தேடுகிற கோழி மாதிரி இருக்கிறது என்று டீக்கடையில் நடித்தே காட்டினார்கள். காட்டட்டும். அதற்குப் பிறகு நான் விழவில்லை.

அந்தோணி அண்ணனுக்குப் பாய்ப்படகு கைவரவில்லை. கரைக்குப் பக்கத்திலேயே தடுமாறுவார். எந்த என்ஜினையும் அடக்குகிறவர் இதில் திணறுவது எங்களுக்கு ஆச்சரியம். சார் அவரிடம், "கறுப்புக் கண்ணாடியோடு பாய்ப்படகு வேண்டா" என்று சொல்லிவிட்டார். அது அவரைக் குத்தியது. "பேச்சிக்குக் குடுப்பாங்களாம், எனக்கு வேண்டாமாம். நான் ஓட்டும்போது இவ டிக்கெட் கிழிச்சுக்கிட்டு இருந்தா" என்று என் காதில் விழும்படியே சொன்னார். நான் கேட்காத மாதிரி பாய்க்கயிற்றைச் சுருட்டினேன். பதில் சொல்லியிருந்தால் சண்டையாகியிருக்கும்.

அது நடந்தது மே மாதம். கோடைமழை இன்று வருமா நாளை வருமா என்று இருந்தது, மதியத்துக்கு மேல் திடீர் திடீரென்று காற்று அடிக்கும். சார் மேல் ஆபீசுக்குப் போயிருந்தார். நான் ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு கிழக்கே போயிருந்தேன். முதலமடையில் இருந்து ஒரு மாங்காய் வியாபாரியும் அவர் மனைவியும் வந்து, "ஏனுங், அந்தப் பாய் போட்ட போட்டுல ஒரு ரவுண்டு ஏத்துவீங்ளா?" என்று கேட்டிருக்கிறார்கள். டிக்கெட் கவுண்டரில் இருந்த பெண், அதை ஓட்டுகிற சிராங்கு இப்போது இல்லை என்று சொல்லியிருக்கிறாள். "அப்ப நான் யாரு?" என்று அந்தோணி அண்ணன் எழுந்து வந்துவிட்டார். இருவருக்கும் லைஃப் ஜாக்கெட் மாட்டினார், தானும் மாட்டினார், பாயை ஏற்றினார்.

நான் திரும்பி வந்து படகைக் கட்டுவதும் சாரின் ஜீப் வந்து நிற்பதும் ஒன்றாக நடந்தது. கவுண்டர் பெண் ஓடி வந்தாள். அவள் கை காட்டிய இடத்தில், குத்திக்காட்டின் அந்தப் பக்க ஓரத்தில், வெள்ளைப் பாயைக் காணோம். படகு கவிழ்ந்து அடிப்பாகம் மட்டும் தெரிந்தது.

சுற்றிப் போனால் கட்டை இல்லை, ஆனால் வெகுதூரம். நேரே போனால் குத்திக்காடு, சூரியன் முகத்துக்கு நேரே. சார் கழியை எடுத்துக்கொண்டு என் படகின் முன்னால் ஏறிக் குந்தினார். "நேரெ போ" என்றார்.

நின்று ஓட்டினால்தான் தண்ணீருக்குள் பார்வை இறங்கும். கழி போடுகிறவர் குனிந்துதான் இருக்க வேண்டும், அவருக்கு மேல்மினுக்கம்தான் தெரியும். ஆக அந்தப் படகுக்கு என் கண் ஒன்றுதான். என்ஜினைக் குறைத்து உள்ளே நுழைந்தேன். முன்னால் இருந்து, திரும்பிப் பார்க்காமல், அவர் எப்போதும் கேட்கிற அதே குரலில் கேட்டார். "எந்து கண்டு?"

"இடது கையில ஒண்ணு சார். தள்ளுங்க."

"எந்து கண்டு?"

"நேரே ரெண்டு. நடுவுல போறேன். வலது பக்கம் கவட்டை, கழி போடுங்க!"

அவர் கேட்கக் கேட்க நான் சொன்னேன். அவர் கழியால் தள்ளத் தள்ளப் படகு நகர்ந்தது. பயப்பட நேரம் இல்லாமல் அந்தக் கேள்வி என்னைப் பிடித்து வைத்திருந்தது. பாதிக் காட்டில் தலையைச் சாய்த்துப் பார்த்தேன். தெற்கே இருந்து ஒரு கறுப்புத் திட்டு ஓடி வந்துகொண்டிருந்தது. நல்ல காற்று. எங்கள் படகு லேசான ஃபைபர் படகு. பக்கவாட்டில் வாங்கினால் கட்டைமேல் தூக்கிப் போட்டுவிடும்.

"சார், காத்து வருது. படகு முகத்தைக் காத்துக்குத் திருப்பி நிக்கணும்."

அங்கே அந்தோணி அண்ணனின் தலை எனக்குத் தெரிந்தது. தாடை வரைக்கும் தண்ணீர். சாருக்கும் தெரிந்திருக்கும். போ என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் போயிருப்பேன், நாங்களும் கவிழ்ந்திருப்போம். அவர் சொன்னது இதுதான்: "நின்றெ கண்ணு. நீ பறையு." உன் கண்தான் பார்க்கிறது, நீ சொல் என்றார். நான் நிறுத்தினேன். காற்று வந்தது, படகு குலுங்கியது, போயிற்று. அந்தக் கொஞ்ச நேரம் போல் நீளமான நேரத்தை நான் பிறகு பிரசவ ஆஸ்பத்திரி வாசலில் மகளுக்காக நின்றபோதுதான் பார்த்தேன்.

போய்ச் சேர்ந்தபோது மாங்காய் வியாபாரி ஒரு கையால் படகையும் ஒரு கையால் மனைவியையும் பிடித்துக்கொண்டு மிதந்தார். அந்த அம்மாள் என்னைப் பார்த்ததும் கத்தினார். "அக்கா, எங்களை உடுங்க! அந்தண்ணன் காலு கயித்துல மாட்டிக்கிச்சுங்! அவரை மொதல்ல பாருங்க!" நடந்தது புரிந்துவிட்டது. நடுப்பலகை ஒரு கவட்டைக் கட்டையில் சிக்கியிருக்கிறது, அதே நேரத்தில் காற்று அடித்துப் படகைப் புரட்டியிருக்கிறது. பாய்க்கயிறு அவர் காலைச் சுற்றிக் கட்டையோடு இழுத்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு அலைக்கும் வாயில் தண்ணீர் புகுந்தது. முகத்தில் அப்பாவின் கறுப்புக் கண்ணாடி அப்படியே இருந்தது. அரைஞாண் கயிறு அறவில்லை.

"அண்ணே, கையக் குடுங்க" என்று குனிந்து நீட்டினேன்.

அவர் கை நீட்டினார். வேறு பக்கமாக நீட்டினார். என் கை அவர் மூக்குக்கு முன்னால் இருக்கிறது, அவர் விரல்கள் காற்றில் தேடுகின்றன. "பேச்சி, எங்கிட்டு இருக்க தாயி?" என்றார். நான் அவர் மணிக்கட்டை எட்டிப் பிடித்தேன். சார் தண்ணீருக்குள் இறங்கிக் கத்தியால் கயிற்றை அறுத்தார்.

எல்லாரும் உயிரோடு துறைக்கு வந்தோம். சார் அண்ணனை நிழலில் உட்கார வைத்து, கயிற்று முடிச்சை அவிழ்த்து, அந்தக் கறுப்புக் கண்ணாடியைத் தன் கையால் கழற்றினார். இரண்டு கண்மணியிலும் வெள்ளை படர்ந்திருந்தது. அப்பாவின் ஆபரேஷனுக்குக் கொடுத்த கண்ணாடியை, தன் ஆபரேஷனைத் தள்ளிப்போடுவதற்காக மகன் போட்டுக்கொண்டு திரிந்திருக்கிறார்.

"அந்தோணி, எந்து கண்டு?"

"ஒண்ணும் காணல சார்." அண்ணன் தலை குனிந்துகொண்டார். "வெயில்ல போனா எல்லாம் பால ஊத்துனாப்புல ஆயிரும். கட்டையெல்லாம் எனக்கு மனப்பாடம் சார். என்ஜின் சத்தம் கரையில பட்டுத் திரும்பும்ல, அதை வச்சு எங்க இருக்கேன்னு தெரிஞ்சிரும். இந்தப் பாய்ப்படகுல சத்தமே இல்ல. சத்தமே இல்லாமப் போனதும் எங்க இருக்கேன்னே தெரியாமப் போச்சு." பிறகு சாரின் கையைப் பிடித்துக்கொண்டார். "வேலைய விட்டு எடுத்துராதீங்க சார். எனக்கு வேற ஒண்ணும் தெரியாது."

மாங்காய் வியாபாரிக்குக் கோபம் வந்தது. வராதா? "ஏனுங் சார், கண்ணு தெரியாத ஆளை உட்டு ஓட்ட வெச்சிருக்கறீங்ளே, எங்க உசுருக்கு ஆருங்க பதில் சொல்றது?" என்று கேட்டார். சார் எழுந்து அவர் முன்னால் போய் நின்றார். "உத்தரவாதி ஞானாணு" என்றார். பொறுப்பு என்னுடையது என்றார். "அன்றைக்கு இவன் மெட்ராஸ் ஐ என்று சொன்னபோது நான் இரண்டடி பின்னால் போனேன். போயிருக்கக் கூடாது." மேல் ஆபீசிலும் அதையேதான் சொன்னார். பாய்ப்படகுகளைத் திருப்பி எடுத்துக்கொண்டார்கள். கண் சரியாகிறவரை அண்ணனைப் படகில் ஏற்றக் கூடாது என்றார்கள், ஆனால் என்ஜின் பழுது பார்க்கிற கொட்டகையில் வைத்துக்கொள்ளச் சார் போராடி அனுமதி வாங்கினார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். புரைக்கு அந்தப் பழமொழி செல்லாது, நமஸ்காரத்துக்கு இன்னும் நேரம் இருந்தது. நான்தான் அவரைத் தேனிக்குக் கூட்டிப்போனேன். ஒரு கண்ணுக்குப் பிறகு இன்னொரு கண், இரண்டும் நல்லபடியாக முடிந்தது. அவர்கள் கொடுத்த புத்தம்புதுக் கறுப்புக் கண்ணாடியோடு லயத்துக்குள் நடந்து வந்தார். ஆபரேஷன் எப்போது என்று யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

டாக்டர் சரி என்று எழுதிக் கொடுத்த பிறகு ஒரு சாயங்காலம் சார் அவரைத் துறைக்கு வரச் சொன்னார். பெட்டியில் இருந்து பழுப்புக் கண்ணாடி ஒன்றை எடுத்து மாட்டிவிட்டு, "சிரி" என்றார். அண்ணன் சிரிக்க முயன்றார். முதுகைத் திருப்பச் சொன்னார், குனியச் சொன்னார். பிறகு ஒரு முழத் தூரத்தில் வந்து நின்றார். அரை முழத்துக்கு நெருங்கினார். "இப்போ காணுன்னுண்டு" என்றார். கண் தெரிகிறது என்றார்.

என்னை ஓட்டச் சொல்லி மூன்று பேருமாகக் குத்திக்காட்டுக்குப் போனோம். நடுவில் என்ஜினை அணைக்கச் சொன்னார். சத்தம் அடங்கியது. சார் எப்போதும் கேட்கிற கேள்வியைக் கேட்கவே இல்லை. அந்தோணி அண்ணன் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"ஏட்டி பேச்சி" என்றார். "இம்புட்டுக் கட்டையா இருக்கு? இதுக்குள்ளயா நான் ஜனங்கள ஏத்திக்கிட்டு அந்த வேகத்துல போனேன்?" அவர் விளிம்பில் இருந்து பின்வாங்கிப் பலகையில் உட்கார்ந்தார். "எனக்குப் பயமா இருக்குட்டி. கரைக்கு ஓட்டு."

நான் சாவியில் கை வைத்தேன். சார் என் தோளைத் தொட்டு எழுந்திருக்கச் சொன்னார். எனக்குப் புரிந்தது, எழுந்து முன்னால் போய்க் கழியை எடுத்துக்கொண்டு குந்தினேன்.

"அந்தோணி, நீ எடு" என்றார் சார்.

அண்ணன் எழுந்து வந்து சுக்கானைப் பிடித்தார். பிறகு என்ஜினைப் போட்டார். குத்திக்காட்டில் அத்தனை மெதுவாக ஒரு படகு போய் நான் பார்த்ததில்லை. யாரும் கேட்காமலே அவர் சொல்லிக்கொண்டு வந்தார், பைபிள் வாசிக்கிற பிள்ளை மாதிரி ஒவ்வொன்றாக. "இடது கையில ஒண்ணு. நேரே ஒண்ணு. பேச்சி, வலது பக்கம் கவட்டை, கழி போடு தாயி." தலையைச் சாய்த்தார், நிமிர்த்தினார், மறுபடி சாய்த்தார். கோழி என்று கேலி செய்தவர்களில் அவரும் ஒருவர். எனக்கு ஒரு பக்கம் சிரிப்பு வந்தது, ஒரு பக்கம் அழுகை வந்தது. கழி போடுகிறவள் முன்னால் பார்த்துத்தான் உட்கார வேண்டும் என்பதால் இரண்டையும் யாரும் பார்க்கவில்லை.